மாஸ்டரின் பல பிறவிகள்: "டாக்டர் ஹூ" வில்லன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டாக்டர் ஹூ" பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர். அதில் மாஸ்டர் என்ற வில்லன் எரிந்திருக்கிறான், அழுகியிருக்கிறான், தூள் தூளாகியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்திருக்கிறான். அவன் எப்படித் திரும்பினான் என்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்பும் இடம். கதை முடிவுகளை மறைக்காமல் சொல்லியிருக்கிறோம். எதையும் தெரிந்துகொள்ளாமல் பார்க்க விரும்புபவர்கள் "எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?" என்ற கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

யார் இந்த மாஸ்டர்?

தொடரின் நாயகரான டாக்டரைப் போலவே காலிஃப்ரே கிரகத்தைச் சேர்ந்த டைம் லார்டு, அதாவது காலத்தில் பயணிக்கத் தெரிந்த இனத்தவன். சிறுவயதில் இருவரும் நண்பர்கள். பெரியவர்களானதும் டாக்டர் டார்டிஸ் என்ற காலப்பயணக் கலம் ஒன்றைத் திருடிக்கொண்டு அண்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார், மாஸ்டர் அதே அண்டத்தை ஆளக் கிளம்பினான். தொடரின் மற்ற வில்லன்களான டாலெக்குகளுக்கும், சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களுக்கும் டாக்டர் வெறும் எதிரி. மாஸ்டருக்கு அவர் பழைய சிநேகிதன். டாக்டரைக் கொல்ல வேண்டும் என்ற ஆசையைவிட, டாக்டர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்குப் பெரிது. அவன் போடும் திட்டங்கள் தேவைக்கு மேல் சுற்றி வளைத்துப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஏன் "மாஸ்டர்" என்று பெயர்?

தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் கதைப் பொறுப்பாளர் டெரன்ஸ் டிக்ஸும் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம் இது. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு மோரியார்ட்டி எப்படியோ, டாக்டருக்கு அப்படி ஒருவன் வேண்டும் என்று நினைத்தார்கள். "டாக்டர்" என்பது பட்டம். அதே வரிசையில் "மாஸ்டர்" என்பதும் பட்டம். கூடவே எஜமானன் என்ற பொருளும் வந்து சேர்கிறது. நமக்கு மாஸ்டர் என்றால் டீக்கடை மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்றுதான் முதலில் தோன்றும். இங்கே "எஜமானன்" என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால்தான் அவன் ஆட்களை வசியம் செய்யும்போது "நான்தான் மாஸ்டர்" என்று சொல்வதன் கனம் புரியும்.

மொத்தம் எத்தனை மாஸ்டர்கள்?

தொலைக்காட்சியில் முக்கியமாக நடித்தவர்கள் ஒன்பது பேர்: ராஜர் டெல்காடோ, பீட்டர் பிராட், ஜெஃப்ரி பீவர்ஸ், ஆன்டனி ஐன்லி, எரிக் ராபர்ட்ஸ், டெரக் ஜாக்கோபி, ஜான் சிம், மிஷெல் கோமஸ், சாஷா தவான். 1996 தொலைக்காட்சிப் படத்தின் தொடக்கத்தில் சில நொடிகள் வரும் கார்டன் டிப்பிளையும் சேர்த்தால் பத்து.

ஆனால் நடிகர் எண்ணிக்கையும் உடல் எண்ணிக்கையும் ஒன்றல்ல. பிராட், பீவர்ஸ் இருவரும் நடித்தது ஒரே அழுகிய உடலை என்றே கொள்வது வழக்கம். அப்படி எண்ணினால் டெல்காடோ ஒன்று, அழுகிய உடல் இரண்டு, ஐன்லி மூன்று, ராபர்ட்ஸ் நான்கு, ஜாக்கோபி ஐந்து, சிம் ஆறு. சிம் ஏற்ற மாஸ்டர் 2007இல் பிரிட்டிஷ் அரசியலில் புகுந்தபோது வைத்துக்கொண்ட பெயர் "மிஸ்டர் சாக்ஸன்". ஆங்கில எழுத்துகளில் அதை மாற்றி அடுக்கினால் "மாஸ்டர் நம்பர் சிக்ஸ்" என்று வரும்.

டாக்டரும்தான் முகம் மாறுகிறார். மாஸ்டர் மாறுவதில் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

டாக்டருக்கு நடப்பது ரீஜெனரேஷன். டைம் லார்டு சாகும் தறுவாயில் அதே உடல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வேறு முகம் எடுக்கும். யாருடைய உடலும் பறிபோகாது. மாஸ்டருக்கு அது திரையில் முதன்முதலாக நடந்ததே 2007இல்தான், அதாவது அறிமுகமாகி 36 ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்பு அவன் செய்ததெல்லாம் நாம் சொல்லும் கூடு விட்டுக் கூடு பாய்தல். ஒருமுறை டிராக்கன் கிரகத்து அறிஞரின் உடல், இன்னொரு முறை சான் ஃபிரான்சிஸ்கோ ஆம்புலன்ஸ் ஊழியரின் உடல். உடலுக்கு உரியவர் திரும்பி வருவதில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் படப்பிடிப்புத் தளத்தில் வந்த நிஜச் சிக்கல் ஒன்று இருக்கும். நடிகர் இறந்துவிட்டார், அல்லது தொடர் நின்றுவிட்டது, அல்லது பழைய விதி வழியை மறித்தது. அந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டால் கதையில் வரும் திருப்பம் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

டெல்காடோவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1971 ஜனவரி 2 அன்று "டெரர் ஆஃப் தி ஆட்டான்ஸ்" கதையில் அவர் அறிமுகமானார். ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குப் பக்கத்தில், எந்த வடிவமும் எடுக்கக்கூடிய மாஸ்டரின் டார்டிஸ், குதிரை ஏற்றும் வண்டி வடிவத்தில் வந்து இறங்குகிறது. உள்ளிருந்து நேரு காலர் வைத்த கறுப்புக் கோட்டும் கச்சிதமான குறுந்தாடியுமாக ஒரு கனவான் இறங்கி வருகிறார். குரலை உயர்த்துவதே இல்லை. அந்தக் கதையில் பிளாஸ்டிக் தொழிற்சாலை நிர்வாகி ஒருவரைக் கறுப்புக் காற்றடைத்த நாற்காலியில் உட்காரச் சொல்கிறான். உட்கார்ந்ததும் நாற்காலி அவரைச் சுற்றி மடிந்து மூச்சை அடைத்துவிடுகிறது. மாஸ்டர் அதைப் பண்டம் வாங்க வந்தவன் தரம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த நிதானம்தான் டெல்காடோ.

1972இல் வந்த "தி ஸீ டெவில்ஸ்" கதையில் சிறையில் இருக்கும் மாஸ்டர், குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்து, வேற்றுக்கிரக உயிரினம் என்று வியந்து பேசுகிறான். சிறை அதிகாரி அது பொம்மை என்று விளக்குகிறார். 2007இல் சிம்மும் இதேபோல் "டெலிடப்பீஸ்" பார்ப்பார். டெல்காடோவை முதலில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி இரட்டிப்பாக இனிக்கும்.

எட்டாவது சீசனின் ஐந்து கதைகளிலும் அவன்தான் வில்லன். ஒவ்வொரு கதையிலும் அவன் வந்ததால், "இந்தக் கதையில் யார் வில்லன்?" என்ற மர்மமே போய்விட்டது. அடுத்த சீசன்களில் அவன் வருகையைக் குறைத்தது நல்ல முடிவு.

டெல்காடோவின் மாஸ்டருக்கு ஏன் முறையான முடிவு இல்லை?

தொடரில் நிரந்தரமாக இருக்கிறார் என்று எண்ணி மற்றவர்கள் வாய்ப்புக் கொடுக்கத் தயங்கியதால், தன் பாத்திரத்தை முடித்துவைக்கும்படி டெல்காடோவே கேட்டிருந்தார். "தி ஃபைனல் கேம்" என்ற பெயரில் கடைசிக் கதையும் திட்டமிடப்பட்டது. 1973 ஜூன் 18 அன்று, வேறொரு படப்பிடிப்புக்காகத் துருக்கி போயிருந்தபோது கார் விபத்தில் அவர் இறந்துபோனார். அந்தக் கதை எடுக்கப்படவே இல்லை. அப்போது டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீ அடுத்த ஆண்டு தொடரை விட்டு விலகியதற்குச் சொன்ன காரணங்களில் இந்த மரணமும் ஒன்று.

அவர் கடைசியாக நடித்தது "ஃபிரண்டியர் இன் ஸ்பேஸ்". அதன் இறுதிக் காட்சியில் வரவேண்டிய அரக்கன் சரியாக அமையாததால் வெட்டி ஒட்டினார்கள். அதனால் சுடும் சத்தமும் களேபரமுமாக இருக்க, மாஸ்டர் எங்கே போனான் என்றே தெரியாமல் காட்சி முடிகிறது. இவ்வளவு பெரிய நடிகருக்கு இப்படி ஒரு கடைசிக் காட்சி அமைந்தது இன்றும் உறுத்துகிறது.

பழைய கதைகள் கறுப்பு வெள்ளையாகவா இருக்கும்?

எடுத்தது கலரில்தான். டெல்காடோ நடித்த எட்டுக் கதைகளும் முழுமையாகக் கிடைக்கின்றன. ஆனால் சிலவற்றின் கலர் நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. "தி மைண்ட் ஆஃப் ஈவில்" கதையின் ஆறு பகுதிகளும் கறுப்பு வெள்ளை ஃபிலிமாக மட்டுமே மிஞ்சின. கலர் ஒளிபரப்பை ஃபிலிமில் பதியும்போது படிந்த நுண்ணிய புள்ளிகளிலிருந்து ஐந்து பகுதிகளின் நிறத்தை மீட்டார்கள். முதல் பகுதியில் அந்தப் புள்ளிகள் இல்லை. அதற்குக் கைவேலையாகவே நிறம் தீட்டினார்கள். 2013 டிவிடியில் கலரில் வந்தது. நிறம் கொஞ்சம் மிதந்தால் உங்கள் டிவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

பன்னிரண்டு முறை என்ற விதி எங்கிருந்து வந்தது?

1976 அக்டோபர், நவம்பரில் நான்கு பகுதிகளாக வந்த "தி டெட்லி அசாசின்". டெல்காடோவுக்குப் பதில் இன்னொரு முகத்தை உடனே நிறுத்த மனமில்லாமல், எழுத்தாளர் ராபர்ட் ஹோம்ஸ் மாஸ்டரை எலும்பும் அழுகிய தோலுமாகக் கொண்டுவந்தார். ஏன் இப்படி ஆனான் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதற்காக எழுதியதுதான் இந்த விதி: ஒரு டைம் லார்டு பன்னிரண்டு முறைதான் ரீஜெனரேட் ஆகலாம், ஆக மொத்தம் பதின்மூன்று உயிர். மாஸ்டர் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டான்.

பீட்டர் பிராட் மேடை இசைநாடகங்களில் பாடிப் பழகியவர். முகமூடி அசையாது, வாய் தெரியாது, கண்கள் பிதுங்கி நிற்கும். அதனால் பாத்திரத்தின் முழுப் பாரமும் குரலில் ஏறியது. ஒரு கதையின் தேவைக்காக எழுதிய விதி பின்னாளில் டாக்டரையே மடக்கியது. 2013 கிறிஸ்துமஸ் கதையில் அவருக்குப் புதிய உயிர்த்தொகுதி கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

உயிர் தீர்ந்தவன் ஐன்லியாக மாறியது எப்படி?

1981இல் வந்த "தி கீப்பர் ஆஃப் டிராக்கன்". டிராக்கன் கிரகத்தில் தீயவை எதுவும் தோட்டத்தில் இறங்கினால் சிலையாகிவிடும். அப்படி நிற்பதாக எல்லோரும் நம்பும் மெல்கர் என்ற சிலைதான் மாஸ்டரின் டார்டிஸ். உள்ளே பீவர்ஸின் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறான். சிலையைப் பராமரிக்கும் கேசியா என்ற பெண்ணை வசப்படுத்தி, அவள் மூலம் கிரகத்தைக் காக்கும் கீப்பர் பதவிக்கு வருகிறான். அந்தச் சக்தியால் புது உடல் பெறுவது நோக்கம். டாக்டர் அதைக் கெடுத்துவிடுகிறார். கிரகமே நிம்மதியாகிறது.

கடைசி நிமிடத்தில்தான் அடி விழுகிறது. அறிஞர் டிரெமாஸ் தனியாக நடந்து வருகிறார். முன்பு அங்கே இல்லாத ஒரு நெடுங்கடிகாரம் நிற்கிறது. தொடுகிறார். கை ஒட்டிக்கொள்கிறது, உடல் உறைகிறது. கடிகாரத்திலிருந்து மாஸ்டர் இறங்கி வந்து அவருக்குள் கலக்கிறான். நரைத்த முடி கறுக்கிறது. கடிகாரம் மறைகிறது. மகள் நிஸ்ஸா அப்பாவைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டு வருவதோடு கதை முடிகிறது. "டிரெமாஸ்" என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் "மாஸ்டர்".

இதைப் பார்க்காமல் அடுத்த கதையான "லோகோபோலிஸ்" பார்ப்பது பெரிய தவறு. அதில் நிஸ்ஸா தன் அப்பாவின் முகத்தோடு நடமாடும் கொலைகாரனை எதிர்கொள்கிறாள். மாஸ்டர் கிளப்பிய அழிவில் டிராக்கன் கிரகமே போய்விடுகிறது. நான்காவது டாக்டர் கோபுரத்திலிருந்து விழுந்து இறப்பதும் அவனால்தான்.

ஐன்லி காலத்தில் அவன் எரிந்த பிறகும் எப்படி வந்தான்?

விளக்கமே கொடுக்கவில்லை. 1984இல் "பிளானட் ஆஃப் ஃபயர்" கதையில் டாக்டரின் கண்ணெதிரே தீயில் எரிந்து மறைகிறான். 1985இல் "தி மார்க் ஆஃப் தி ரானி" கதையில் வயலில் சோளக்கொல்லைப் பொம்மை வேடத்தில் நிற்கிறான். எப்படித் தப்பினான் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காலத்தின் பலவீனம் இதுதான். சாவு நிலைக்காது என்று தெரிந்துவிட்டால் பார்ப்பவருக்குப் பதற்றம் வராது. காரணமில்லாத மாறுவேடங்களும் அப்படித்தான்: "டைம்-ஃபிளைட்" கதையில் யாருமே பார்க்காதபோதும் காலித் என்ற மந்திரவாதி வேடத்திலேயே இருக்கிறான்.

வேடத்தைக் காப்பாற்ற டைட்டிலில் பொய்ப் பெயர் போட்ட வேலை மட்டும் அழகு. "காஸ்ட்ரோவால்வா"வில் முதியவர் வேடத்துக்கு "நீல் டாய்னே" என்று நடிகர் பெயர் வரும். அது டோனி ஐன்லியின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது.

ஐன்லிக்கு நியாயம் செய்ய "சர்வைவல்" பாருங்கள். மூன்று பகுதிகள், 1989 டிசம்பர் 6 அன்று முடிந்தது. அதோடு நின்றுபோன பழைய தொடரின் கடைசிக் கதையும் அதுவே. சிறுத்தைக் கண்ணும் கோரைப் பல்லும் முளைக்க, தனக்குள் மிருகம் ஏறுவதைத் தடுக்க முடியாமல் தவிக்கும் மாஸ்டர். சிரிப்பைக் குறைத்துக்கொண்டு நடித்திருக்கிறார்.

1996 படத்தில் நடப்பது என்ன?

மாஸ்டருக்கு டாலெக்குகள் மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். சாம்பலை டாக்டர் காலிஃப்ரேவுக்குக் கொண்டுபோகிறார். பெட்டியிலிருந்து பாம்பு போன்ற குழம்பு வடிவில் மாஸ்டர் நழுவி டார்டிஸைக் கெடுக்கிறான். அது 1999 டிசம்பர் 30 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. பாம்பு புரூஸ் என்ற ஆம்புலன்ஸ் ஊழியரின் வாய்வழியே இறங்குகிறது. மனித உடல் தாங்காது. நகம் கழன்று விழத் தொடங்குகிறது. அதனால் டாக்டரின் மிச்ச உயிர்களைப் பிடுங்கப் பார்க்கிறான்; கடைசியில் டார்டிஸின் ஆற்றல் மூலமான "ஐ ஆஃப் ஹார்மனி"க்குள் இழுக்கப்பட்டு மறைகிறான். எரிக் ராபர்ட்ஸ் நன்றாகவே செய்தார். தொடராக வளராததால் அந்த உடல் அங்கேயே நின்றுவிட்டது.

புரொஃபசர் யானா யார்? அந்தக் கைக்கடிகாரம் என்ன?

கைக்கடிகாரம் இல்லை, சட்டைப்பையில் வைக்கும் மூடிபோட்ட கடிகாரம். டைம் லார்டு தன்னை முழு மனிதனாக மாற்றிக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. பழைய நினைவும் உயிர்க்கூறும் அந்தக் கடிகாரத்துக்குள் அடைபடும். திறக்கும்வரை அவருக்கே தான் யாரென்று தெரியாது. டாலெக்குகளோடு நடந்த காலப் போரில் சண்டையிட டைம் லார்டுகளே மாஸ்டரை உயிர்ப்பித்தார்கள். அவன் பயந்து அண்டத்தின் கடைசிக் காலத்துக்கு ஓடி, இப்படி யானா என்ற மனிதனாகி ஒளிந்துகொண்டான்.

இதைப் புரிந்துகொள்ள "ஹ்யூமன் நேச்சர்", "தி ஃபேமிலி ஆஃப் பிளட்" இரண்டையும் கட்டாயம் முதலில் பாருங்கள். டாக்டர் இதே கருவியைப் பயன்படுத்துவதை அவை காட்டுகின்றன. பிறகு 2007 ஜூன் 16 அன்று வந்த "யுடோப்பியா" பார்த்தால், நல்லவராகவே வாழ்ந்த கிழவர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிகாரத்தை எடுக்கும்போது உடல் சிலிர்க்கும். வரிசை மாற்றிப் பார்த்தால் அது வெறும் கடிகாரம்தான்.

யானாவாக நடித்த டெரக் ஜாக்கோபிக்குக் கிடைத்தது சில நிமிட மாஸ்டர். கண் மட்டும் மாறுகிறது, கனிவு வடிந்துவிடுகிறது. பல ஆண்டு கூடவே இருந்த சான்தோவைக் கொல்கிறான். அவள் சாகும்முன் சுட, ஜான் சிம்மாக மாறுகிறான். திரையில் நடந்த அவனுடைய முதல் ரீஜெனரேஷன் இது.

தலைக்குள் கேட்கும் முரசுச் சத்தம் எப்போதிலிருந்து?

கதைப்படி எட்டு வயதிலிருந்து, தொடர்ப்படி 2007இலிருந்து. நான்கு தட்டு, இடைவிடாமல். டெல்காடோ, ஐன்லி காலத்தில் இது கிடையாது, தேடவேண்டாம். 2009 கிறிஸ்துமஸிலும் 2010 புத்தாண்டிலும் வந்த "தி எண்ட் ஆஃப் டைம்" விடை சொல்கிறது: காலப் போரில் சிக்கிய டைம் லார்டுகள் தப்பிக்க வழி தேடி, அந்தத் தாளத்தைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பிச் சிறுவனின் தலையில் நட்டார்கள். அவன் பைத்தியமானது அவர்கள் செய்த வேலை. தெரிந்ததும் மாஸ்டர் அவர்கள்மீதே பாய்கிறான்.

மிஸ்ஸியும் மாஸ்டரும் ஒரே ஆளா? அவன் என்பதா, அவள் என்பதா?

ஒரே ஆள்தான். "மிஸ்ட்ரஸ்" என்பதன் சுருக்கம் மிஸ்ஸி. 2014இல் மிஷெல் கோமஸ் வந்தபோது பல வாரங்கள் யாரென்று சொல்லாமல் வைத்திருந்து, நவம்பர் 1 அன்று "டார்க் வாட்டர்" முடிவில் உடைத்தார்கள். தமிழில் எழுதும்போது அந்தந்த உடலுக்கு ஏற்ப "அவன்", "அவள்" என்று எழுதினால் குழப்பம் வராது. இரு மாஸ்டரும் ஒரே காட்சியில் வரும் 2017 கதைகளில் இந்த வேறுபாடு பெரிய உதவி.

சிம்மும் மிஸ்ஸியும் ஒருவரை ஒருவர் கொன்றது எப்படிச் சாத்தியம்?

"வேர்ல்ட் எனஃப் அண்ட் டைம்", "தி டாக்டர் ஃபால்ஸ்" (2017 ஜூன் 24, ஜூலை 1). கருந்துளைக்கு அருகே 400 மைல் நீளக் கப்பல். மேல்தளத்தில் சில நிமிடம் போவதற்குள் கீழ்த்தளத்தில் ஆண்டுகள் ஓடிவிடும். கீழே ரேஸர் என்ற கிழவனாக வேடமிட்டு, டாக்டரின் தோழி பில்லோடு பத்தாண்டு பழகி, அவளை சைபர்மேன் ஆக்க ஒப்படைக்கிறான் சிம்மின் மாஸ்டர்.

முடிவில் மிஸ்ஸி அவனைக் கட்டிப்பிடித்துக் கத்தியைச் செருகுகிறாள். அவன் தன் டார்டிஸ்வரை நடந்துபோய் ரீஜெனரேட் ஆகிற அளவுக்கு மட்டும் அளந்து குத்துகிறாள்; அவன் மாறினால்தானே அவள் வருவாள். தான் டாக்டர் பக்கம் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். அது பொறுக்காமல் அவன் அவள் முதுகில் முழு வேகத்தில் சுடுகிறான். இருவரும் சிரிக்கிறார்கள். இந்தச் சந்திப்பு முந்தையவனுக்கு நினைவில் தங்காது. அதனால்தான் மிஸ்ஸிக்கு முன்கூட்டியே தெரியவில்லை. அவள் மனம் மாறி வந்துகொண்டிருந்தாள் என்பது டாக்டருக்குத் தெரியாமலே போகிறது. மாஸ்டரின் எல்லாச் சாவுகளிலும் நெஞ்சை அறுப்பது இது.

ரீஜெனரேட் ஆக முடியாதபடி சுட்டதாகச் சொல்லியும் 2020 ஜனவரி 1 அன்று "ஸ்பைஃபால்" கதையில் சாஷா தவானாக வந்து நிற்கிறான். நடுவில் என்ன நடந்தது என்று தொடர் விளக்கவில்லை. ரசிகர்கள் பெரும்பாலும் மிஸ்ஸிக்கு அடுத்தவன் என்றே கொள்கிறார்கள். மிஸ்ஸி பெற்ற மாற்றத்தை ஒரு வரியில்கூடத் தொடாமல் விட்டது எழுத்தில் உள்ள குறை; இந்திய வம்சாவளி நடிகரான தவானின் நடிப்பில் குறையில்லை. 2022 அக்டோபர் 23 அன்று வந்த "தி பவர் ஆஃப் தி டாக்டர்" கதையில் அவன் கூடுபாயும் பழைய வழக்கத்தின் உச்சிக்கே போகிறான்: டாக்டரைக் கட்டாயமாக ரீஜெனரேட் செய்யவைத்து, தானே டாக்டராகிறான்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

புதியவர்கள் 2007இன் ஐந்து எபிசோடுகளை இந்த வரிசையில் பாருங்கள்: "ஹ்யூமன் நேச்சர்", "தி ஃபேமிலி ஆஃப் பிளட்", "யுடோப்பியா", "தி சவுண்ட் ஆஃப் டிரம்ஸ்", "லாஸ்ட் ஆஃப் தி டைம் லார்ட்ஸ்". பிடித்திருந்தால் "டெரர் ஆஃப் தி ஆட்டான்ஸ்", அதன்பின் "தி டெட்லி அசாசின்", "டிராக்கன்", "லோகோபோலிஸ்". இவை நான்கும் தலா நான்கு பகுதி, பகுதிக்கு சுமார் 25 நிமிடம். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்றாகக் காட்ட எழுதியவை. ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு ஆபத்து வந்து நிற்கும், அடுத்ததன் தொடக்கத்தில் அது திரும்ப ஓடும். நாளுக்கு ஒரு பகுதி போதும். ஸ்ட்ரீமிங் தளங்களின் முகப்புப் படமே பல நேரம் ரகசியத்தைப் போட்டுடைக்கும். எபிசோடு பெயரைத் தேடி நேராகப் போங்கள்.

ஒலி நாடகங்களும் கணக்கில் வருமா?

விரும்பினால். பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்களில் பீவர்ஸ் மீண்டும் வந்திருக்கிறார். ஜாக்கோபிக்குத் திரையில் கிடைக்காத நேரம் 2017 இறுதியில் தொடங்கிய "வார் மாஸ்டர்" வரிசையில் கிடைத்தது. அவர் 2003இலேயே "ஸ்க்ரீம் ஆஃப் தி ஷால்கா" என்ற இணைய அனிமேஷனில் மாஸ்டருக்குக் குரல் கொடுத்தவர்.

தங்கப் பல் என்கிறார்களே, அது என்ன?

2023 டிசம்பர் 9 அன்று வந்த "தி கிகிள்". டாய்மேக்கர் என்ற இன்னொரு வில்லன், மாஸ்டர் தன்னிடம் விளையாடித் தோற்றதாகவும் அவனைத் தன் தங்கப் பல்லுக்குள் அடைத்துவிட்டதாகவும் சொல்கிறான். டாய்மேக்கர் ஒழிந்ததும் பல் தரையில் கிடக்கிறது. சிவப்பு நகப்பூச்சுள்ள ஒரு பெண்ணின் கை அதை எடுக்கிறது. மாஸ்டரின் சிரிப்பு கேட்கிறது. 2007இல் அவன் உடலை எரித்த சிதையிலிருந்து மோதிரத்தை எடுத்ததும் சிவப்பு நகப்பூச்சுள்ள ஒரு பெண்ணின் கைதான். அந்த மோதிரத்தைக் கொண்டுதான் இரண்டரை ஆண்டு கழித்து அவனை எழுப்பினார்கள்.